இரண்டு இசக்கியம்மாள்கள்

அந்தப் படம் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். கைபேசியைக் குறுக்காகப் பிடித்து எடுத்து, அப்படியே இணையத்தில் ஏற்றிய படம். நீலக் கோடு போட்ட நீளமான பதிவேட்டின் ஒரு பக்கம், அதன் மேல் அங்கங்கே தினசரி நாள்காட்டித் தாளைக் கிழித்து வைத்து மறைத்த துண்டுகள், ஓரத்தில் ஒரு கட்டைவிரல். நகத்தைச் சுற்றிப் பேனா மை ஊறியிருக்கும். ஆறு ஆண்டுகளாக அது ஒரே இடத்தில் இருக்கிறது. கடவுச்சொல் வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம், யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். அதற்குக் கீழே என் பெயரில் மூன்று வரிகள் இருக்கின்றன. அவற்றையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மகள் பால் குடிக்கும்போது ஒரு கையால் கைபேசியைத் தள்ளித் தள்ளி நான் அந்தப் பக்கத்துக்குத்தான் போகிறேன் என்று என் கணவருக்குக்கூட வெகுநாள் தெரியாது.

படிப்பு முடிந்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை ஓர் அரசுத் திட்டத்தில், ஒப்பந்த ஊழியராக. திருவனந்தபுரத்தில் ஒரு வாடகை வீட்டு மாடியில் பத்துப் பேர் உட்கார்ந்து, துணைச் சுகாதார நிலையங்களில் குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசிகளைப் பதிவு செய்யும் மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தோம். அது கட்டற்ற மென்பொருள். நாங்கள் எழுதிய ஒவ்வொரு வரியும், செய்த ஒவ்வொரு மாற்றமும், அதைச் செய்தவர் பெயரோடும் நேரத்தோடும் பொதுவில் கிடக்கும். குறைகளைச் சொல்லவும் ஒரு பொதுப் பக்கம் இருந்தது. எங்கள் திட்டத் தலைவருக்கு அதில் பெரிய நம்பிக்கை. "ஜனங்களோட சாதனம் இது. தப்பைப் பாத்தவங்க சொல்லலாம், திருத்தத் தெரிஞ்சவங்க திருத்தலாம். நமக்கு ஒளிக்க ஒண்ணும் இல்ல," என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார். அவர் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். நான் அதே ஊரில், கிழக்கேகோட்டைப் பக்கம் வளர்ந்த பெண். அப்பா அலுவலகத்தில் கோப்புகள் பூட்டிய அலமாரிக்குள் இருக்கும். என்னுடைய வேலையோ கதவே இல்லாத அலமாரி என்று தோழிகளிடம் பெருமையடித்துக்கொள்வேன்.

சேச்சி, அதாவது அக்கா, என்று நான் கூப்பிட்டவரை முதலில் பார்த்தது ஒரு பஞ்சாயத்து மண்டபத்தில் நடந்த பயிற்சியின்போது. நகரத்தின் தெற்கு ஓரத்தில் ஒரு துணை நிலையத்தின் நர்ஸ். ஐம்பதை நெருங்கியிருப்பார். முதல் வரிசையில், குடையை மடியில் வைத்துக்கொண்டு, நான் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதினார். நான் மலையாளத்தில்தான் பேசிக்கொண்டிருந்தேன். ஆனாலும் இடைவேளையில் வந்து, "மோளே, நீ தமிழாணோ?" என்றார். ஆமாம், ஆனால் பிறந்தது இங்கேதான் என்று அவசரமாகச் சொன்னேன். அந்த அவசரம் எதற்கு என்று இப்போது யோசிக்கிறேன். அவருடைய நிலையத்தின் எல்லைக்குள் கட்டட வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் வாழும் லைன் வீடுகள் இருந்தன. இருபது வருடம் அங்கே போய்வந்ததில் சேச்சி திருநெல்வேலித் தமிழை மலையாள வாலோடு பேசுவார். மதியம், குழந்தைகளைப் பதிவு செய்யும் பகுதிக்கு வந்தபோது கையைத் தூக்கினார்.

"மோளே, எங்கட காலனியில இசக்கியம்மா மட்டும் நாலு பேருண்டு. உன்ட கம்ப்யூட்டர் எந்த இசக்கியம்மான்னு கேக்குமோ, இல்ல எல்லாருக்கும் சேத்து ஒரே குத்தா?"

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். "அதெல்லாம் நாங்க பாத்துக்கிட்டோம் சேச்சி," என்றேன்.

பார்த்துக்கொண்டதாகத்தான் நினைத்தேன். ஒரே குழந்தையை இரண்டு இடங்களில் இரண்டு முறை பதிவு செய்துவிடுகிறார்கள், கணக்கு தவறாக வருகிறது என்று அந்த மாதம் எல்லோரும் புலம்பிக்கொண்டிருந்தார்கள். அதற்கு நான்தான் ஒரு விதி எழுதியிருந்தேன். பெயர் வைக்காத குழந்தையை மருத்துவமனையில் 'பேபி ஆஃப்' என்று போட்டுத் தாயின் பெயரை எழுதுவார்கள். தாயின் பெயர் ஒன்று, வார்டு ஒன்று, தொலைபேசி எண் ஒன்று, பிறந்த தேதியும் ஒரு வாரத்துக்குள் என்றால் அது ஒரே குழந்தை. இரண்டு பதிவையும் சத்தமில்லாமல் ஒன்றாக்கிவிடு. தேதியைத் தவறாக எழுதுகிறார்களே என்றுதான் ஒரு வாரம் இடம் விட்டேன். அந்த விதியைப் பார்த்துத் தலைவர் என் தோளைத் தட்டினார். அந்த லைன் வீட்டுக் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்தாற்போல ஒரே ஊர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள், ஒரே அம்மன் பேரைத்தான் பெண்களுக்கு வைப்பார்கள், எல்லோரும் மேஸ்திரியின் தொலைபேசி எண்ணைத்தான் கொடுப்பார்கள் என்பது மற்ற ஒன்பது பேருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாமல் இருக்க நியாயமே இல்லை. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்தவர் பெயரே இசக்கியம்மாள். அவர் விடுப்பு எடுத்தால் வருகிற அவருடைய நாத்தனார் பெயரும் அதுதான்.

சேச்சியின் முதல் குறிப்பு இரண்டு மாதம் கழித்துப் பொதுப் பக்கத்தில் வந்தது. ஒரு நர்ஸ் தானாக அங்கே வந்து எழுதியது அதுவே முதல் முறை என்று தலைவர் எல்லோருக்கும் காட்டி மகிழ்ந்தார். மலையாளத்தில், மனு எழுதுவதுபோல 'மரியாதைக்குரிய மேடம்' என்று தொடங்கி, ஒரே பெயருள்ள இரண்டு தாய்மாரின் குழந்தைகளில் ஒன்று காணாமல் போகிறது என்று எழுதியிருந்தார். நான் என் மேசையில் சோதித்துப் பார்த்தேன். பிந்து என்று இரண்டு தாய்களைப் பதிந்தேன். இரண்டு வேறு வேறு தொலைபேசி எண்களைக் கொடுத்தேன். எல்லாம் சரியாக இருந்தது. குறை இல்லை என்று குறிப்பை மூடினேன். மறுவாரம் மறுபடி எழுதினார். மறுபடி மூடினேன். மூன்றாம் முறைதான் அந்தப் படம் வந்தது. நோயாளிகளின் விவரத்தைப் பொதுவில் போடக் கூடாது என்று பயிற்சியில் நான் சொன்னதை அவர் நோட்டில் எழுதிவைத்திருக்கிறார். அதனால்தான் அந்த நாள்காட்டித் துண்டுகள். வீட்டு எண், தொலைபேசி, கணவர் பெயர், மற்றக் குடும்பங்களின் வரிகள் எல்லாவற்றையும் மறைத்திருந்தார். எனக்கு அன்று நிறைய வேலை. படம் பக்கவாட்டில் இருந்தது. பாதிக்கு மேல் மறைத்த ஒரு தாள் எதற்குச் சான்றாகும் என்று எரிச்சல்தான் வந்தது. இப்படி எழுதினேன்: 'எங்கள் சோதனையில் இந்தக் குறை தெரியவில்லை. பதிவு செய்பவரின் பிழையாக இருக்கலாம். இந்தக் குறிப்பு மூடப்படுகிறது.'

அந்த மூன்று வரிகள்தான்.

பிறகு சேச்சியின் தாய்க்கு அறுவை சிகிச்சை. அவர் விடுப்பில் போனார். அதுவரை, கணினி என்ன சொன்னாலும், தன்னுடைய பழைய பதிவேட்டைப் பார்த்துத்தான் குழந்தைகளை அழைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்குப் பதிலாக வந்த நர்ஸ் கணினியின் பட்டியலைப் பார்த்து அழைத்தார். அதில் ஒரே ஓர் இசக்கியம்மாள்தான் இருந்தாள். இன்னோர் இசக்கியம்மாளின் பெண் குழந்தைக்குப் பத்தாவது வாரத் தடுப்பூசி போகவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை. கொஞ்ச நாளில் அந்தக் குழந்தைக்குக் கக்குவான் இருமல் வந்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். குழந்தை பிழைத்துக்கொண்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் இதை நினைக்கும் ஒவ்வொரு தடவையும் அதை முதலில் சொல்லிக்கொண்டுதான் மேலே போகிறேன். மருத்துவமனையில் கணினியைப் பார்த்தால், ஊசி போட்டாகிவிட்டது என்றது. மற்ற இசக்கியம்மாளின் குழந்தைக்கு, விடுப்புக்கு முந்தின நாள், சேச்சி போட்ட ஊசி அது. தாயோ போடவே இல்லை என்கிறாள். பதிவு சேச்சியின் லாகினில் இருக்கிறது. போடாத ஊசியைப் போட்டதாக எழுதினார் என்று அவருக்கு மெமோ வந்தது.

மென்பொருளில் குறை உண்டு, மூன்று முறை எழுதியிருக்கிறேன் என்று சேச்சி விளக்கம் கொடுத்தார். அதனால் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு கேள்வி வந்தது: அப்படி ஏதேனும் குறை இருக்கிறதா? மாலைக்குள் பதில் வேண்டும். அது என் மேசைக்கு வந்தது. இந்தத் தடவை பிந்துவை விட்டுவிட்டு, சேச்சி எழுதிய பெயரையே இரண்டு முறை அடித்து, ஒரே தொலைபேசி எண்ணைக் கொடுத்தேன். என் கண் முன்னால் ஒரு குழந்தை இன்னொன்றுக்குள் போய் மறைந்தது. கண்டுபிடிக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று முறையும் இருபது நிமிடம் செலவழித்திருந்தால் போதும்.

அந்த விதியை நீக்கினேன். மாற்றம் செய்கிற ஒவ்வொரு முறையும் என்ன செய்தோம் என்று ஒரு வரி எழுத வேண்டும் என்பது எங்கள் வழக்கம். 'சிறு திருத்தம்' என்று எழுதினேன். பிறகு கேள்விக்குப் பதில் எழுதினேன்: 'மென்பொருளில் தற்போது அத்தகைய குறை எதுவும் இல்லை.' பொய் என்று யாரும் சொல்ல முடியாது. 'தற்போது' என்ற சொல்லை நான் முதலில் எழுதவில்லை; அனுப்புவதற்கு முன் திரும்பப் படித்துச் சேர்த்தேன். அதைச் சேர்த்த பிறகு மனம் கொஞ்சம் லேசானதுகூட நினைவிருக்கிறது.

ஏன் செய்தேன் என்று எனக்கே பல பதில்கள் சொல்லியிருக்கிறேன். அந்த மாதம்தான் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் மாதம். வீட்டில் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வேறொரு மாநிலத்திலிருந்து அதிகாரிகள் எங்கள் மென்பொருளை எடுத்துக்கொள்வதற்காகப் பார்க்க வந்திருந்தார்கள். அந்த நேரத்தில் தலைவரின் முகத்தில் கரியைப் பூச வேண்டுமா என்று நினைத்தேன். எல்லாம் உண்மைதான். ஆனால் எதுவும் காரணம் இல்லை. சொன்ன வேலையைச் சரியாகச் செய்கிற பெண் என்று சின்ன வயதிலிருந்து பெயர் வாங்கியவள் நான். அந்தப் பெயரில் ஒரு கீறல் விழுவதை என்னால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஒரு வாரத்தில் சேச்சி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். பதிவேட்டை ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாடிப்படியில் நின்றார். உள்ளே கூப்பிட்டால் எல்லோரும் கேட்பார்கள் என்று நான் வெளியே போய்ப் படியிலேயே பேசினேன்.

"நீ ஒண்ணு பாத்துச் சொன்னா மதி, அது போதும் மோளே," என்றார். "எங்கட ஆபீசில ஆருக்கும் மனசிலாகல. இசக்கியம்மாங்கறதே ஒரு பேரான்னு சிரிக்கிறாங்க. நீ தமிழ்ப் பொண்ணு. உனக்குத் தெரியும்லா?"

"பாத்துட்டுச் சொல்றேன் சேச்சி."

"பாக்கணும், கேட்டியா? இருபத்தாறு வருஷமா இந்தக் கையால குத்தினது. குத்தாம குத்தினேன்னு எழுத மாட்டேன் நான்."

தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டேன். பஸ் போய்விடும் என்று இறங்கினார். அப்போது என் பதில் போய் நாலு நாள் ஆகியிருந்தது.

விசாரணையில் பதிவேட்டை வாங்கி வைத்துக்கொண்டு, சேச்சியை மலையோரத்தில் ஒரு பஞ்சாயத்துக்கு மாற்றினார்கள். அந்த இசக்கியம்மாளே விசாரணையில் போய், "அந்த சிஸ்டர் பொய் எழுத மாட்டாவ," என்று சொன்னதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். குழந்தையின் தாயே அப்படிச் சொன்னாள். அதன்பின் துறையிலிருந்து எங்களுக்கு ஓர் உத்தரவு வந்தது. இனி ஒவ்வொரு ஊசிக்கும், 'இந்த மருந்தை நானே கொடுத்தேன் என்று உறுதி கூறுகிறேன்' என்ற வரிக்கு எதிரே நர்ஸ் ஒரு டிக் போட்டால்தான் பதிவு ஏற வேண்டும். அதையும் நான்தான் எழுதினேன். அதற்குப் பிறகு அங்கே என்னால் நெடுநாள் இருக்க முடியவில்லை. நகரத்துக்கு வடக்கே, கழக்கூட்டத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் சேர்ந்தேன். அங்கே எழுதுவது எதுவும் வெளியே தெரியாது. அது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இந்த வருடம் எனக்கு மகள் பிறந்தாள். பத்தாவது வாரத் தடுப்பூசிக்கு வீட்டுக்குப் பக்கத்திலுள்ள நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். இளம் நர்ஸ் ஒருத்தி, சிரித்த முகம். கணினியில் என் பெயரைத் தேடும்போது, சரியான பதிவுதானா, தேதி சரியா, தொலைபேசி எண் சரியா என்று நான் மூன்று முறை கேட்டேன். முதல் குழந்தை அல்லவா, எல்லா அம்மாமாரும் இப்படித்தான் என்று அவள் சமாதானம் சொன்னாள். ஊசி போட்டாள். மகள் வீறிட்டாள். பிறகு திரையில் அந்த வரிக்கு எதிரே டிக் போட்டுக்கொண்டே, "சத்தியம் பண்ணியாச்சு," என்று சிரித்தாள்.

எனக்குப் புரிந்தது. ஆனாலும், "அது என்ன?" என்று கேட்டேன்.

"இதோ, இந்த டிக்தான். ஒவ்வொரு குட்டிக்கும் சத்தியம் பண்ணணும். பண்டு ஒரு சிஸ்டர் குத்தாமலே குத்தினேன்னு கள்ள என்ட்ரி போட்டாங்களாம். ஒருத்தர் செஞ்சதுக்கு நாங்க எல்லாரும் தினம் அனுபவிக்கிறோம்."

அழுகிற மகளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றேன். அந்த நர்ஸிடமாவது சொல்லியிருக்கலாம். அந்த அறையில் நான்கு தாய்மார் இருந்தார்கள். குழந்தை அழுகிறது என்ற சாக்கில் வெளியே வந்துவிட்டேன்.

அன்று மாலை கணவரிடம் முதல் முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. "ஆறு வருஷம் ஆச்சு. இப்ப எழுதி என்ன ஆகப்போகுது? உன் இப்போதைய ஆபீஸ்ல யாராவது பாத்தா?" என்றார். அந்தக் கேள்விதான் என்னை எழுத வைத்தது. யாராவது பார்த்தால் என்ற பயத்தில்தான் எல்லாமே தொடங்கியது. அந்தப் பொதுப் பக்கம் இன்னும் திறந்தே இருக்கிறது. என்னுடைய மாற்றத்தின் தேதி அங்கே இருக்கிறது, நேரம் இருக்கிறது, 'சிறு திருத்தம்' இருக்கிறது. மெமோவின் தேதியை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாராவது ஒருவர் நினைத்திருந்தால் போதும். ஒருவரும் நினைக்கவில்லை. ஒளிக்க ஒன்றும் இல்லை என்ற இடத்தில் நான் ஒளித்தது ஆறு வருடம் வெட்டவெளியில் கிடந்தது.

மூடிய குறிப்பின் அடியில், என் மூன்று வரிகளுக்குக் கீழே, மலையாளத்தில் எழுதினேன். குறை இருந்தது, அது என்னுடையது, இந்த நாளில் கண்டுபிடித்தேன், இந்த நேரத்தில் மறைத்தேன், நர்ஸ் சொன்னது முழுவதும் உண்மை. மாவட்ட அலுவலகத்துக்கும் அதையே கடிதமாகப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அங்கிருந்து இதை எழுதும் நாள் வரை பதில் இல்லை. ஆனால் பொதுப் பக்கத்தில் பதினோராம் நாள் ஒரு பதில் வந்தது. சேச்சியின் பெயர். திட்டுவார் என்று பயந்தேனா, மன்னித்தேன் என்பார் என்று ஆசைப்பட்டேனா, தெரியாது. சேச்சி எழுதியிருந்தது இவ்வளவுதான்:

'வாசித்தேன். அந்த இரண்டு குழந்தைகளும் கம்ப்யூட்டரில் இன்றும் ஒன்றாகவே இருக்கிறார்கள். இளையவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சான்றிதழ் எடுத்தால் மற்றக் குழந்தையின் பெயர் வருகிறது. தாய் என்னைத்தான் அழைத்தாள். முதலில் அதைச் சரி செய்.'

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் விதியை எடுத்தேன்; அதற்குப் பிறகு பதிந்த குழந்தைகள் தப்பினார்கள். அதற்கு முன் ஒன்றாகிப் போனவர்களை நான் பிரிக்கவே இல்லை. பிரித்தால் ஏன் என்று கேட்பார்கள். சேச்சிக்குத் துரோகம் செய்தேன், ஆனால் குறையையாவது சரி செய்தேன் என்று ஆறு வருடம் எனக்கு நானே ஒரு சமாதானம் வைத்திருந்தேன். அதுவும் போயிற்று.

அந்தத் திட்டத்தில் இப்போது நான் யாரும் இல்லை. ஆனால் தலைவர் சொன்னதுபோல, திருத்தத் தெரிந்தவர் யாரும் திருத்தம் எழுதி அனுப்பலாம். இப்போது அங்கே இருப்பவர்கள் பார்த்துச் சேர்த்துக்கொள்வார்கள். மகள் மதியம் தூங்கும் நேரங்களில் நாலு நாள் உட்கார்ந்து, ஒன்றாகிப் போன பதிவுகளைக் கண்டுபிடித்துப் பிரிக்கும் வழியை எழுதினேன். மாற்றக் குறிப்பில் இந்தத் தடவை ஒரு வரி போதவில்லை. கடைசியாக ஒன்று மிஞ்சியது. அந்த இரண்டு குழந்தைகளையும் பிரிக்க இருவரின் பிறந்த தேதியும் வேண்டும். கணினியில் ஒன்றுதான் இருந்தது. இன்னொன்றை என் விதி தின்றுவிட்டது. பதிவேடு விசாரணையில் போயிற்று. என் கைக்கு எட்டுகிற இடத்தில் அந்தத் தேதி அந்தப் படத்தில் மட்டும்தான் இருந்தது.

எத்தனையோ தடவை பார்த்த படம். முதல் முறையாக அதை நிமிர்த்திப் பெரிதாக்கினேன். துண்டுகளால் மறைக்காமல் விட்டவை இரண்டே வரிகள். இரண்டிலும் ஒரே பெயர், சேச்சியின் குண்டான கையெழுத்தில். இரண்டு தேதிகள், நாலு நாள் இடைவெளி. அந்தக் கட்டைவிரல் தாள் பறக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நிமிர்த்திப் பார்த்தால் நகத்தின் நுனி இரண்டாவது வரியின் தேதிக்கு நேர் கீழே, ஒரு மயிரிழை தள்ளாமல், இதைப் பார் என்று நின்றது.

உள்ளே மகள் சிணுங்க ஆரம்பித்தாள். அந்தத் தேதியை எழுதிக்கொண்டு, சரியாக எழுதியிருக்கிறேனா என்று மறுபடியும் ஒருமுறை படத்தைப் பார்த்துவிட்டு எழுந்தேன்.